கூம்புச் சங்கை வகைப்படுத்துவது எப்படி: கோனஸ் பேரினத்திற்கான முழுமையான வழிகாட்டி

மன்னார் வளைகுடாக் கரைகளிலும் சோழமண்டலக் கடற்கரையின் இழுவலைக் கழிவுகளிலும் கிடைக்கும் கூம்புச் சங்குகளைப் பல ஆண்டுகளாகப் பிரித்து அடுக்கி வருகிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஓட்டின் நிறத்தைப் பார்க்கிறார்கள், படப்புத்தகத்தைத் திறக்கிறார்கள், ஒத்துப்போகும் முதல் படத்தின் பெயரைச் சீட்டில் எழுதிவிடுகிறார்கள். நிறக்கோலம் கடைசியாகப் பார்க்க வேண்டிய சான்று. அதை முதலில் பார்த்தவருக்கு, அதன் பின் பார்க்கும் எல்லாமே அந்தப் பெயருக்கு ஏற்றபடியே தெரியத் தொடங்கும். எனவே இங்கே படிகளை விடப் படிகளின் வரிசைக்கே நான் அதிக இடம் தருகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், 0.1 மில்லிமீட்டர் வரை காட்டும் காலிப்பர், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஒளி மிகுந்த சிறிய டார்ச், நுண்ணோக்கி, 95 விழுக்காடு எத்தனால், கத்தரி, நுனி வளைந்த ஊசி, கண்ணாடிச் சில்லுகள், வீட்டுப் பயன்பாட்டு பிளீச், காய்ச்சி வடித்த நீர் ஆகியவை தேவை. எத்தனாலுக்குப் பதிலாக ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள். அது டி.என்.ஏ.வைச் சிதைப்பதோடு, நாளடைவில் அமிலத்தன்மை அடைந்து ஓட்டின் சுண்ணாம்பையும் அரிக்கும்.

கருவிகளை விட முக்கியமானது சீட்டு. கிடைத்த இடம், நாள், ஆழம், அடித்தரை மணலா பாறையா பவளமா, எந்த முறையில் கிடைத்தது, யார் எடுத்தார் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். பென்சிலால் எழுதி, சங்கோடு சேர்த்துக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்து வெறும் நீலக் கறையாகிவிடும். வெளியே ஒட்டிய சீட்டோ குப்பி ஈரமானவுடன் உரிந்து விழும். இடம் தெரியாத கூம்புச் சங்கு அலமாரிக்கு அழகு தரலாம். வகைப்பாட்டுக்கு அதனால் பெரும்பாலும் பயன் இல்லை.

சட்டத்தையும் இப்போதே நினைவில் கொள்ளுங்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள பகுதியிலும் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. கோனஸ் மில்னெட்வர்ட்சி என்னும் சிற்றினம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டது. மீன் இறங்குதளங்களில் வலையோடு வந்து கழிக்கப்படும் குவியல்களைப் பார்வையிடுவதே தொடக்கநிலையினருக்கு ஏற்ற வழி. அங்கும் உரிய அலுவலகத்தில் கேட்டுக்கொண்ட பிறகே மாதிரி எடுங்கள்.

2. உயிருள்ளதைக் கையால் தொடாதீர்கள்

கூம்புச் சங்கு ஈட்டி போன்ற உள்ளீடற்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி இரையைப் பிடிக்கும். கோனஸ் ஜியோகிராஃபஸ் கொட்டி மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இதற்கு முறிமருந்து கிடையாது. சங்கின் அகன்ற பின்பக்கத்தைப் பிடித்தால் எட்டாது என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அதை நம்ப வேண்டாம். அதன் துதிக்கை நீளும், வளையும். மெல்லிய ரப்பர் கையுறையைப் பல் துளைத்துவிடும்.

நீண்ட இடுக்கியால் எடுத்து, கடினமான பிளாஸ்டிக் டப்பாவில் கடல்நீரோடு வையுங்கள். துணிப்பையிலோ சட்டைப்பையிலோ போடக் கூடாது. வலைக் குவியலில் இறந்ததுபோல் கிடப்பதும் உயிரோடு இருக்கலாம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். இன்னும் பெயர் தெரியாத சங்கு எந்தச் சிற்றினம் என்று உங்களுக்கும் தெரியாதல்லவா? ஆகவே எல்லாவற்றையும் ஆபத்தானதாகவே கையாள வேண்டும்.

3. திசுவை முதலில், ஓட்டைப் பிறகு

வழிகாட்டியில் பிறழவே கூடாத படி இது. ஓட்டைச் சுத்தம் செய்யும் ஆவலில் பலர் சங்கை அப்படியே பிளீச்சில் மூழ்கடிக்கிறார்கள். ஓடு பளபளவென்று வரும். உள்ளே இருந்த திசு, பல், டி.என்.ஏ. மூன்றும் ஒரே இரவில் போய்விடும். ஒருமுறை ஒரு மாணவர் நாற்பதுக்கும் மேற்பட்ட சங்குகளை அப்படி வெளுத்து வரிசையாக அடுக்கிக் காட்டினார். அவற்றுள் இரண்டு, ஓட்டை மட்டும் வைத்துப் பிரிக்கவே முடியாத இணைச் சிற்றினங்களுள் ஒன்றைச் சேர்ந்தவை. அவை எது என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

மற்றொரு பிழை, முழுச் சங்கையும் எத்தனாலில் போட்டு மூடி வைப்பது. விலங்கு குறுகிய வாய்க்குள் ஆழமாகச் சுருங்கிக்கொள்வதால் எத்தனால் உள்ளே போய்ச் சேராது. வெளியே பாதுகாக்கப்பட்டதுபோல் தெரிந்தாலும் உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். சங்கை உறையவைத்து, பின் உருக விட்டு, வளைந்த ஊசியால் பாதத்தைக் குத்திச் சுருளின் போக்கிலேயே மெல்லத் திருப்பி வெளியே இழுங்கள். பாதத் தசையில் ஒரு துணுக்கை வெட்டித் தனிக் குப்பியில் எத்தனாலில் இடுங்கள். குடலையோ நஞ்சுச் சுரப்பியையோ எடுக்காதீர்கள். குடலில் இரையின் டி.என்.ஏ.வும் கலந்திருக்கும். மீதி உடலை இன்னொரு குப்பியில் வையுங்கள், பல் அதில்தான் இருக்கிறது. முதல் எத்தனாலை மறுநாள் மாற்றிவிடுங்கள், திசுவின் நீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும்.

பாதத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறிய, குறுகலான மூடியையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டின் மேல் உள்ள பழுப்பு நிறப் புறத்தோலைப் படம் எடுத்துவிட்டு, அதன் தடிமனையும் நார் போன்றதா மென்மையானதா என்பதையும் குறித்த பிறகே ஓட்டை வெளுக்கலாம்.

4. இது கூம்புச் சங்குதானா என்று உறுதிசெய்தல்

கோனிடே குடும்பத்தின் ஓட்டை அடையாளம் காண நான்கு கேள்விகள் போதும். வாய் நீண்டு குறுகி, கடைசிச் சுற்றின் நீளம் முழுவதும் போகிறதா? வெளியுதடு மெல்லியதா? தோளருகே, அதாவது கடைசிச் சுற்றின் மேல்விளிம்பருகே, உதட்டில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறதா? சுற்றுகள் சுற்றிவரும் அச்சான நடுத்தண்டு மடிப்புகள் இல்லாமல் மழமழவென்று இருக்கிறதா?

இந்தக் கேள்விகளைத் தவிர்த்தவர்கள் கோனோமியூரெக்ஸ் லுஹுவானஸைக் கூம்புச் சங்கு என்று எழுதிவிடுகிறார்கள். உருவம் அச்சாக ஒத்திருக்கும். ஆனால் அது ஸ்ட்ராம்பிடே குடும்பத்தைச் சேர்ந்தது. வெளியுதட்டின் முன்முனைக்குச் சற்று மேலே, கண்ணை நீட்டுவதற்கான இன்னொரு வளைந்த வெட்டு அதற்கு உண்டு. மைட்ரிடே குடும்பத்தின் கூம்பு வடிவச் சங்குகளும் ஏமாற்றும். அவற்றின் நடுத்தண்டில் மடிப்புகள் வரிசையாக நிற்கும்.

உடைந்த ஓடு ஒன்று கிடைத்தால் வீசிவிடாதீர்கள். அதை நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். கூம்புச் சங்கு வளர வளர, பழைய உட்சுற்றுகளின் சுவரைத் தானே கரைத்துக் காகிதம் போல மெலிதாக்கிக்கொள்ளும். வெளிச்சுவர் மட்டும் தடித்து நிற்கும். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால், குறுகிய வாய்க்குள் அத்தனை பெரிய விலங்கு எப்படி அடங்குகிறது என்பது புரியும்.

5. பேரினத்தை முடிவுசெய்தல்

2009இல் டக்கர், டெனோரியோ என்ற ஆய்வாளர்கள் வாழும் கூம்புச் சங்குகளை மூன்று குடும்பங்களாகவும் 82 பேரினங்களாகவும் பிரித்தனர். 2015இல் புய்லாந்தரும் உடன் ஆய்வாளர்களும் மரபணுச் சான்றுகளின் அடிப்படையில் அவற்றை ஒரே குடும்பத்தில், கோனஸ், கோனாஸ்ப்ரெல்லா, புரோஃபண்டிகோனஸ், கலிஃபோர்னிகோனஸ் என்ற நான்கு பேரினங்களாக அடக்கினர். அதன்படி அறியப்பட்ட சிற்றினங்களில் 85 விழுக்காடு கோனஸில் வருகின்றன. அதற்குப் பிறகு மிகச் சிறிய சில பேரினங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்றாலும், கையில் எடுத்த சங்கைத் தரம் பிரிக்க இந்த நான்கு அறைகளே முதலில் உதவும்.

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரே சங்குக்கு ஒரு நூலில் சிலிண்டர் டெக்ஸ்டைல் என்றும், இன்னொன்றில் கோனஸ் டெக்ஸ்டைல் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே விலங்கு. சிற்றினப் பெயர் ஒரு வகைமாதிரியோடு, அதாவது பெயரிட்டபோது அடையாளமாக வைத்த சங்கோடு, கட்டப்பட்டிருக்கிறது. பேரினத்தின் எல்லையோ ஆய்வாளரின் தீர்ப்பு. எந்தத் தீர்ப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிட்டு, கடைசி வரை அதிலிருந்து மாறாமல் இருங்கள். பாதிப் பட்டியலில் ஒரு முறையும் மீதியில் இன்னொரு முறையும் இருந்தால், ஒரே சிற்றினம் இரண்டு முறை எண்ணப்பட்டுவிடும். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இந்த வழிகாட்டி 2015இன் முறையைப் பின்பற்றுகிறது.

நடைமுறையில், தமிழகக் கரையின் ஆழமற்ற நீரில் கிடைப்பவை ஏறக்குறைய எல்லாமே கோனஸ். கலிஃபோர்னிகோனஸில் ஒரே சிற்றினம்தான் உண்டு, அது வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்கிறது. புரோஃபண்டிகோனஸ் ஆழ்கடலுக்கு உரியது. ஆழ்கடல் இழுவலையில் சிறிய, நெடிய கூம்புகள் வந்தால் மட்டும் கோனாஸ்ப்ரெல்லாவையும் புரோஃபண்டிகோனஸையும் எண்ணிப் பார்த்து, பல்லையும் மரபணுவையும் கேளுங்கள். ஓட்டை மட்டும் பார்த்து அவற்றைப் பிரிக்க முயல வேண்டாம்.

6. அளவுகள்

சங்கின் உச்சி மேலேயும் வாய் உங்களை நோக்கியும் இருக்குமாறு வையுங்கள். நான்கு அளவுகளை எடுங்கள்: முழு நீளம், வாயின் உயரம், மிகப்பெரிய அகலம், அடிமுனையிலிருந்து (உச்சிக்கு எதிரே உள்ள கூர்முனை) அந்த அகலம் வரும் இடம் வரை உள்ள உயரம். எடையையும் கிராமில் குறித்துக்கொள்ளுங்கள்.

தனி அளவுகளுக்கு அதிகப் பொருள் இல்லை, ஏனெனில் சங்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது. விகிதங்களே பேசும். முழு நீளம் 62.0 மில்லிமீட்டர், வாயின் உயரம் 54.6, அகலம் 33.4, அகலம் வரும் உயரம் 47.0 என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை வாயின் உயரத்தால் வகுத்தால் 0.61, இது சங்கு எவ்வளவு பருமன் என்பதைச் சொல்லும். அகலம் வரும் உயரத்தை வாயின் உயரத்தால் வகுத்தால் 0.86; இது பருமன் தோளிலேயே இருக்கிறதா, சற்று இறங்கி வயிற்றில் இருக்கிறதா என்பதைக் காட்டும். முழு நீளத்திலிருந்து வாயின் உயரத்தைக் கழித்து, முழு நீளத்தால் வகுத்தால் 0.12, இது மேலே உள்ள சுருள்முடி எவ்வளவு எழும்பியிருக்கிறது என்பது. எடையை நீளத்தால் வகுத்தால் ஓட்டின் கனம் தெரியும்.

பொதுவான பிழைகள் இரண்டு. உச்சி தேய்ந்த சங்கின் நீளத்தை முழு நீளமாக எழுதுவது ஒன்று. தேய்ந்திருந்தால் அந்த விகிதத்தை வெறுமையாக விடுங்கள். இளஞ்சங்கையும் முதிர்ந்ததையும் ஒரே அட்டவணையில் கலப்பது மற்றொன்று. உதடு கூர்மையாக, எளிதில் உடையும்படி மெலிதாக இருப்பது சங்கு முதிராததன் அறிகுறி. ஒரே இடத்திலிருந்து ஐந்து சங்குகளாவது அளந்த பிறகே விகிதத்தை நம்புங்கள்.

7. தோளும் சுருள்முடியும்

இப்போது கைலென்ஸை எடுத்து, சங்கை உச்சியிலிருந்து நேராகப் பாருங்கள். சாய்ந்த ஒளியில், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மேடுபள்ளங்கள் நிழலாக எழும்.

தோள் விளிம்பில் சிறு குமிழ்கள் முடிசூட்டியதுபோல் வரிசையாக இருக்கின்றனவா, வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். குமிழ்கள் உள்ளதைக் கிரீடத் தோள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பேரினத்தின் வகைச்சிற்றினமான (பேரினப் பெயர் கட்டப்பட்டிருக்கும் சிற்றினம்) கோனஸ் மார்மோரியஸுக்கு அது தெளிவாக உண்டு. ஆனால் கிரீடம் இருப்பதால் மட்டும் ஒரு சங்கு அதன் துணைப்பேரினத்தை, அதாவது பேரினத்துக்குள் உள்ள அதே சிறு பிரிவை, சேர்ந்துவிடாது. கோனஸ் எப்ரேயஸ் விர்ரோகோனஸ் துணைப்பேரினத்தில் இருக்கிறது, கோனஸ் இம்பீரியாலிஸ் ஸ்டெஃபனோகோனஸில் இருக்கிறது, மெல்லிய ஓடும் அகன்ற வாயும் கொண்ட கோனஸ் ஜியோகிராஃபஸ் காஸ்ட்ரிடியத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கிரீடத் தோள்தான். குமிழ்கள் எல்லாச் சுற்றுகளிலும் தொடர்கின்றனவா, முதல் சில சுற்றுகளோடு நின்றுவிடுகின்றனவா என்பதைக் குறித்துக்கொண்டால் அந்தச் சான்றுக்கு எடை கூடும்.

அடுத்தது சுற்றுகளின் மேற்பரப்பு. தோளுக்கும் உச்சிக்கும் இடையே உள்ள தளம் குழிந்ததா, தட்டையா, புடைத்ததா. அதில் சுருள் கோடுகள் எத்தனை ஓடுகின்றன என்பதை எண்ணுங்கள். உச்சியின் நுனியில் இருக்கும் முளை ஓடு, குஞ்சுப் பருவத்தின் மிச்சம். அது பல சுற்றுகளோடு சிறிதாக இருந்தால் குஞ்சு நீண்ட நாள் கடலில் மிதந்து உண்டு வளர்ந்தது என்றும், ஓரிரு சுற்றோடு பெரிதாக இருந்தால் முட்டையின் கருவுணவிலேயே வளர்ந்தது என்றும் கொள்ளலாம். பரவலைப் புரிந்துகொள்ள இது அருமையான சான்று. ஆனால் பேரினத்தைப் பிரிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். நெருங்கிய உறவுள்ள இரண்டு சிற்றினங்களே இதில் வேறுபடுவதுண்டு.

8. நிறக்கோலம்

இவ்வளவு குறித்த பிறகு நிறத்துக்கு வரலாம். நிறத்தை மூன்று அடுக்குகளாகப் பிரித்து எழுதுங்கள்: அடிநிறம், அதன் மேல் உள்ள பட்டைகள், அதற்கும் மேல் உள்ள புள்ளி, கோடு, கூடார வடிவங்கள். வாயின் உட்புறமும் அடிமுனையும் தனியாகக் குறிக்கப்பட வேண்டும். படங்களில் பெரும்பாலும் தெரியாத இந்த இரண்டு இடங்களே பல நேரங்களில் தீர்ப்பைத் தருகின்றன.

கோனஸ் லிட்டெரேட்டஸையும் கோனஸ் லெப்பார்டஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கனமானவை, தட்டையான சுருள்முடி கொண்டவை, வெள்ளையின் மேல் கரும்புள்ளி வரிசைகள் உடையவை. கடையில் அருகருகே வைத்தால் ஒன்றின் இரண்டு பருவங்கள் என்றே தோன்றும். இரண்டையும் கவிழ்த்து அடிமுனையை விளக்கின் கீழ்க் காட்டுங்கள். லிட்டெரேட்டஸின் நுனியில், வாய் முடியும் இடத்தில், கருநீலம் கலந்த கறை படிந்திருக்கும். லெப்பார்டஸின் நுனி வெண்மையாகவே இருக்கும். லிட்டெரேட்டஸின் புள்ளிகளுக்கு அடியில் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பட்டைகளும் பல சங்குகளில் தெரியும். இத்தனை ஒத்திருந்தும் முதலாவது எலிசாகோனஸ் என்னும் துணைப்பேரினத்திலும், இரண்டாவது லித்தோகோனஸிலும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒற்றுமை உறவைச் சொல்வதில்லை என்பதற்கு இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

கூடார வடிவக் கோலமும் அப்படியே. கோனஸ் டெக்ஸ்டைல் சிலிண்டர் துணைப்பேரினம். அதே போலக் கூடாரங்கள் அடுக்கிய கோனஸ் பென்னேசியஸோ டாரியோகோனஸ் துணைப்பேரினம். நம் கரையில் கிடைக்கும் கோனஸ் அரேனியோசஸ், சிலந்தி வலை பின்னியதுபோன்ற கோடுகளால் தொலைவிலிருந்து டெக்ஸ்டைலோ என்று எண்ண வைக்கும். தோளைப் பாருங்கள்: அரேனியோசஸுக்குக் கிரீடம் உண்டு, டெக்ஸ்டைலுக்கு இல்லை. ஏழாம் படியை முன்பே முடித்தவருக்கு இந்தக் குழப்பம் வராது.

கோனஸ் ஃபிகுலினஸின் பழுப்பு உடலில் கருமையான மெல்லிய சுருள் கோடுகள் நெருக்கமாக ஓடும். சாம்பல் நிறமாய்க் கோடுகள் தெளிவின்றி இருக்கும் கோனஸ் லோரோய்சியைப் பலர் அதன் நிறவேறுபாடு என்றே எண்ணி ஒரே டப்பாவில் போட்டு வந்தார்கள். சந்தேகம் உள்ள இடத்தில் பிரித்தே வையுங்கள். பின்னால் சேர்ப்பது எளிது. சேர்த்துவிட்டதைப் பிரிப்பது கடினம்.

9. பல்

கூம்புச் சங்கின் பற்கள் ஒரு பைக்குள் அம்பறாத்தூணியில் அம்புகள்போல் இருக்கின்றன. பையின் நீண்ட கிளையில் வளரும் பற்களும், குட்டைக் கிளையில் பயன்படுத்தத் தயாரான பற்களும் இருக்கும். முதிர்ந்த பல்லையே அளக்க வேண்டும் என்பதால் குட்டைக் கிளையிலிருந்து எடுங்கள். வளராத பல்லை அளந்து வேறு சிற்றினம் என்று முடிவுக்கு வருவது புதியவர்களின் வழக்கமான தவறு.

பையை வெட்டியெடுத்து, கண்ணாடிச் சில்லின் குழியில் வைத்து, நீர்த்த பிளீச் இரண்டு சொட்டு விடுங்கள். நுண்ணோக்கியை விட்டு எழாதீர்கள். தசை கரைந்து பற்கள் பிரிந்தவுடன் பிளீச்சை உறிஞ்சிவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை கழுவுங்கள். தாமதித்தால் நுனியின் நுண்ணிய கொக்கிகள் மங்கும்; கழுவாமல் விட்டால் உப்பு படிந்து விளிம்புகளை மறைக்கும். பிறகு கிளிசரினில் பதித்து வரையுங்கள், படமும் எடுங்கள். பல்லின் நீளத்தைச் சங்கின் நீளத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

பல் உணவைக் காட்டும். புழு உண்பவற்றின் பல் பெரும்பாலும் குட்டையானது, நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கி, அடியில் ஒரு முள் கொண்டிருக்கும். பிற நத்தைகளை உண்பவற்றின் பல் நீண்டு மெலிந்திருக்கும். மீன் உண்பவற்றுள் கோனஸ் ஸ்ட்ரியேட்டஸ் போன்றவற்றின் பல்லில் மீன்தூண்டில்போல் பின்வளைந்த பெரிய கொக்கி உண்டு.

இந்தப் படியைத் தவிர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் கோனஸ் எப்ரேயஸைக் காட்டுவேன். வெள்ளை அல்லது இளஞ்சிவப்புச் சாயலுள்ள ஓட்டில் சதுரமான கருங்கட்டைகள் வரிசையாக இருக்கும். அதன் உறவான கோனஸ் கால்டேயஸில் அந்தக் கட்டைகள் ஒன்றோடொன்று இணைந்து அலையலையான நெடுங்கோடுகளாகிவிடும். இவற்றை ஓட்டை வைத்தே பிரிக்கலாம். ஆனால் கோனஸ் ஜூடேயஸ் என்ற மூன்றாவது ஒன்று உண்டு. 1895இல் பெர்க் பல்லின் வேறுபாட்டைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். ஓடு எப்ரேயஸைப் போலவே இருந்ததால் நெடுங்காலம் யாரும் அதைத் தனியாக எண்ணவில்லை. 2008இல் மரபணு ஆய்வு வந்தபோது அது தனிச் சிற்றினம் என்பது உறுதியானது. பெர்க் பார்த்த பல் நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதைச் சொல்லியிருந்தது. பாறைத் தளத்தில் எப்ரேயஸ் என்று எளிதாகக் குறித்துவிடும் ஒவ்வொரு சங்குக்கும் பல்லையும் சரிபாருங்கள்.

10. மரபணு

பெரும்பாலோர் இதை வெளியே உள்ள ஆய்வகத்துக்குத்தான் அனுப்புவார்கள், எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். சி.ஓ.ஐ. என்னும் இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) மரபணுவின் ஏறத்தாழ 658 எழுத்துகள் கொண்ட துண்டே வழக்கமாகப் படிக்கப்படுகிறது. நத்தைகளின் சளி, டி.என்.ஏ.வைப் பெருக்கும் வினையைத் தடுக்கும் என்பதால், சளிப்பொருளை நீக்கும் முறையில் பிரித்தெடுக்கச் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் பொதுத் தரவுத்தளத்தில் தேடி, முதலில் வரும் பெயரை எழுதிவிடாதீர்கள். அங்கே பதிந்தவர்களும் நம்மைப்போல் ஓட்டைப் பார்த்தே பெயர் வைத்திருக்கலாம். ஒரே பெயரில் பல பதிவுகள், வெவ்வேறு ஆய்வாளர்களிடமிருந்து, ஓட்டின் படத்தோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு உறவு மரம் வரைந்து, உங்கள் மாதிரி எந்தக் கிளையில் நிற்கிறது என்பதைக் காணுங்கள். ஒற்றுமை விழுக்காடு மட்டும் பெயரைத் தராது.

11. துணைப்பேரினத்தில் வைத்தல்

2015இன் வகைப்பாடு கோனஸை 57 துணைப்பேரினங்களாகவும், கோனாஸ்ப்ரெல்லாவை 11 துணைப்பேரினங்களாகவும் பிரிக்கிறது. துணைப்பேரினத்தை ஓட்டிலிருந்து நேராகக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். முதலில் சிற்றினத்தை உறுதிசெய்யுங்கள். பின், உலகக் கடல்வாழ் உயிரினப் பதிவேட்டில் அந்தச் சிற்றினம் எந்தத் துணைப்பேரினத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து கீழே இறங்கினால், லிட்டெரேட்டஸும் லெப்பார்டஸும் ஒரே அறையில் விழும்.

சிற்றினம் உறுதியாகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள். "கோனஸ், சிற்றினம் முடிவாகவில்லை" என்று எழுதுவது குறைபாடு அல்ல. தவறான பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால், அடுத்த பட்டியல்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டே போகும்.

12. பெயரைச் சரியாக எழுதுதல்

மேலே எவ்வளவு கவனமாக இருந்தவர்களும் இங்கே அசட்டையாகிவிடுகிறார்கள். பெயரிட்டவரும் ஆண்டும் சிற்றினப் பெயருக்குப் பின்னால் வர வேண்டும்: கோனஸ் டெக்ஸ்டைல் லினேயஸ், 1758. பெயரிட்டபோது இருந்த பேரினத்திலேயே இன்றும் இருந்தால் அடைப்புக்குறி இல்லை. பேரினம் மாறியிருந்தால் அடைப்புக்குறி வேண்டும். லெப்பார்டஸை ரோடிங் 1798இல் குக்குல்லஸ் என்ற பேரினத்தில் பெயரிட்டார்; ஆகவே இன்று அது கோனஸ் லெப்பார்டஸ் (ரோடிங், 1798). ரீவ் 1844இல் கோனஸ் என்று பெயரிட்ட கலிஃபோர்னியச் சங்கு பேரினம் மாறியதால் கலிஃபோர்னிகோனஸ் கலிஃபோர்னிகஸ் (ரீவ், 1844) ஆனது. இந்த அடைப்புக்குறி அலங்காரம் அல்ல. மூல விளக்கத்தை வேறு பேரினப் பெயரில் தேட வேண்டும் என்று அது படிப்பவருக்குச் சொல்கிறது.

துணைப்பேரினமும் அடைப்புக்குறிக்குள் வருவதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோனஸ் (சிலிண்டர்) டெக்ஸ்டைல் லினேயஸ், 1758 என்பதில் நடுவில் உள்ளது துணைப்பேரினம். பெயரிட்டவர் அடைப்புக்குறிக்கு வெளியேதான் இருக்கிறார். துணைப்பேரினத்தில் வைத்ததற்காக ஆசிரியர் பெயருக்கு அடைப்புக்குறி போடக் கூடாது.

சதுர அடைப்புக்குறியும் ஒன்று உண்டு. கோனஸ் அரேனியோசஸ் [லைட்ஃபுட்], 1786 என்பதில், மூல நூலில் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை, வேறு சான்றுகளால் அறியப்பட்டது என்று பொருள். அதை வட்ட அடைப்புக்குறியாக மாற்றினால் பேரினம் மாறியது என்ற தவறான செய்தியைச் சொல்வீர்கள்.

பெயர்களின் இலக்கணப் பாலும் ஒத்துப்போக வேண்டும். கோனஸ் இலத்தீனில் ஆண்பால், கோனாஸ்ப்ரெல்லா பெண்பால். ஆகவே கோனஸ் ஜாஸ்பிடியஸ் பேரினம் மாறியபோது கோனாஸ்ப்ரெல்லா ஜாஸ்பிடியா (க்மெலின், 1791) ஆயிற்று. பெயரடையாக உள்ள சிற்றினப் பெயர்களுக்கே இந்த மாற்றம் வரும். பெயர்ச்சொல்லாக நிற்கும் குளோரியாமாரிஸ் போன்றவை எந்தப் பேரினத்துக்குப் போனாலும் மாறா.

பழைய சீட்டுகளில் கெம்னிட்ஸ் என்ற பெயரைக் கண்டால் நிறுத்திப் பாருங்கள். அவருடைய பெரிய சங்குத் தொகுதியில் உள்ள பெயர்கள் இருசொற் பெயரீட்டு முறையைச் சீராகப் பின்பற்றாததால் செல்லுபடியாகா. வேறோரிடத்தில் 1777இல் அவர் வெளியிட்ட கோனஸ் குளோரியாமாரிஸ் மட்டும் இன்றும் அவர் பெயரில் நிற்கிறது.

13. சீட்டும் சேமிப்பும்

புதிய பெயரை எழுதும்போது பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள். புதியதை அதன் பின்னால் வையுங்கள். பெயரை மாற்றியவர், நாள், எந்தச் சான்றால் மாற்றினார், எந்த வகைப்பாட்டைப் பின்பற்றினார் ஆகிய நான்கும் புதிய சீட்டில் இருக்கட்டும். ஓடு, மூடி, பல் பதித்த சில்லு, திசுக் குப்பி, படங்கள் அனைத்துக்கும் ஒரே எண் கொடுங்கள். எண் ஓட்டின் உள்ளுதட்டில் மறையாத கறுப்பு மையால் சிறிதாக எழுதப்பட வேண்டும்; டப்பாவின் மூடியில் எழுதிய எண், இரண்டு டப்பாக்களைத் திறந்து மூடும்போது இடம் மாறிவிடும்.

மாதிரிகளை வீட்டில் வைத்துக்கொள்ளாமல், பிறர் வந்து பார்க்கக்கூடிய சேகரிப்பு ஒன்றில் ஒப்படையுங்கள். அங்கே பெற்ற பதிவு எண்ணை உங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் சேர்த்த பிறகே பட்டியலை வெளியே கொடுங்கள்.